லாட்டி டாட்: ஐந்து விம்பிள்டனும் ஒரு ட்ரூனும்

விம்பிள்டன் மகளிர் ஒற்றையரில் மிகச் சின்ன வயதில் பட்டம் வென்றவர் யார் என்று கேட்டால், ஸ்டெஃபி கிராஃப் காலத்திலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்து பழகிய என்னைப் போன்றவர்கள் சட்டென்று மார்ட்டினா ஹிங்கிஸ் என்பார்கள். ஹிங்கிஸ் 1997-இல் அந்தப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 16. அதற்குச் சரியாக 110 ஆண்டுகளுக்கு முன்பு, 1887-இல், 15 வயது 285 நாள் ஆன ஒரு பள்ளிச் சிறுமி அதை வாங்கிவிட்டார். சார்லட் டாட் என்பது முழுப்பெயர். வீட்டிலும் வெளியிலும் லாட்டி. ஒற்றையரில் அவர் சாதனையை இதுவரை யாரும் தாண்டவில்லை. 1996-இல் இதே ஹிங்கிஸ் மூன்று நாள் வித்தியாசத்தில் முந்தினார். ஆனால் அது இரட்டையர் பட்டம்.

ஒவ்வொரு வருஷமும் விம்பிள்டன் சமயத்தில் வர்ணனையாளர்கள் இந்தத் தகவலை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. லாட்டி டாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபின் அது கூடித்தான் போயிருக்கிறது. பதினைந்து வயதில் ஜெயித்ததை அவர் வாழ்க்கையின் உச்சம் என்று நான் நினைக்கவில்லை. டென்னிஸ் அவருக்குக் கொஞ்சம் சுலபமாகவே வந்தது. சுலபமாக வராத ஒன்றோடு அவர் பத்து வருஷம் மல்லுக்கட்டிய கதை வேறொன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ஆனால் அங்கே போகுமுன் டென்னிஸைச் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்ஸி ஆற்றுக்கு இக்கரையில் லிவர்பூல் என்றால் அக்கரையில் செஷைர். அங்கே பெபிங்டன் என்ற ஊரில் 1871 செப்டம்பர் 24 அன்று லாட்டி பிறந்தார். நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. மூத்தவர் ஆனி. நடுவில் டோனி, வில்லி என்று இரண்டு அண்ணன்கள். அப்பா ஜோசப் டாட் லிவர்பூலில் பருத்தித் தரகர். நாலு பிள்ளைகளும் ஆயுள் முழுக்க வேலைக்குப் போகாமல் வாழும் அளவுக்குச் சொத்து சேர்த்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் வீட்டிலேயே, ஆசிரியர்களை வரவழைத்து. தோட்டத்தில் இரண்டு டென்னிஸ் கோர்ட். 1870-களில்தான் புல்தரை டென்னிஸ் என்ற விளையாட்டே பரவத் தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டால், வீட்டுத் தோட்டத்திலேயே இரண்டு கோர்ட் என்பது எப்பேர்ப்பட்ட வசதி என்று புரியும்.

அந்தப் பணத்தைப் பற்றி நினைக்காமல் என்னால் லாட்டியைப் பற்றி நினைக்க முடிவதில்லை. லிவர்பூல் அன்றைக்கு உலகப் பருத்திச் சந்தையின் தலைநகரம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி, எகிப்தின் பருத்தி, சூரத் பருத்தி, தூத்துக்குடியில் கப்பலேறிய நம் திருநெல்வேலிப் பருத்தி எல்லாம் விலை பேசப்பட்ட இடம். கரிசல் வெயிலில் குனிந்து பருத்தி எடுத்த பெண்களும், புல்தரையில் ஓடிப் பந்தடித்த பெண்ணும் ஒரே நூற்றாண்டில்தான் இருந்தார்கள். லாட்டிமேல் எனக்குள்ள பிரியத்தை இது குறைக்கவில்லை. ஆனால் அவருடைய சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது, அதை வேறு யாரோ கொடுத்தார்கள் என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது.

அண்ணன்களோடும் அக்காவோடும் ஆடித்தான் லாட்டி டென்னிஸ் கற்றார். ஒன்பது வயதில் மட்டை கைக்கு வந்தது. 1883-இல், பதினோரு வயதில், அக்கா ஆனியோடு சேர்ந்து மான்செஸ்டரில் நடந்த வடக்குப் பிராந்தியப் போட்டியில் இரட்டையர் ஆட இறங்கினார். முதல் சுற்றிலேயே தோல்வி. தோற்றவர்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அதை இருவரும் ஜெயித்தார்கள். பார்க்க வந்தவர்கள் கண்ணில் இந்தப் பொடிசு பட்டுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து 1885-இல் அதே போட்டியின் ஒற்றையர் இறுதிவரை வந்துவிட்டார். எதிரில் நின்றவர் மாட் வாட்சன். 1884-இல் விம்பிள்டன் முதன்முதலாகப் பெண்களுக்கு ஒற்றையர் போட்டி வைத்தபோது, கலந்துகொண்ட 13 பேரில் முதல் பட்டத்தை வென்றவர் அவர். இறுதி ஆட்டத்தில் தன் சொந்த அக்காவையே தோற்கடித்தவர். அப்படிப்பட்டவரை 13 வயது லாட்டி 8-6, 7-5 வரை இழுத்தார். தோற்றாலும் பத்திரிகைகள் ‘சின்ன அதிசயம்’ என்று பெயர் வைத்துவிட்டன. அடுத்த வருஷமே பாத் நகரில் கணக்கு நேரானது. தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணாத மாட் வாட்சன், 14 வயதுப் பெண்ணிடம் தோற்றார்.

1887 விம்பிள்டன் இறுதியில் எதிராளி பிளான்ஷ் பிங்லி, முந்தைய வருஷத்துச் சாம்பியன். லாட்டி 6-2, 6-0 என்று முடித்தார். இரண்டாவது செட்டுக்கு ஆன நேரம் பத்து நிமிஷம்.

அந்தக் காலத்துப் படங்களில் லாட்டி கிரிக்கெட் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். கையில் மட்டை, முகத்தில் சிரிப்புக்கு இடமில்லாத ஒரு தீர்மானம். பாவாடை கெண்டைக்காலோடு நின்றுவிடும். பள்ளி வயதுச் சிறுமி என்பதால் அவ்வளவு குட்டையாக உடுத்த அவருக்கு அனுமதி இருந்தது. வயது வந்த பெண்களுக்கு அது கிடையாது. கணுக்கால் மூடிய கனத்த பாவாடை, உள்ளே அடுக்கடுக்காக உள்பாவாடைகள், அதற்கும் உள்ளே திமிங்கிலத் தாடையிலிருந்து எடுத்த பட்டைகளை வைத்துத் தைத்த இறுக்கமான கார்செட். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஜூலை வெயிலில் மட்டை வீச வேண்டும். லாட்டி ஜெயித்ததற்குப் பாவாடை நீளம்தான் காரணம் என்று அன்றைக்கே முணுமுணுத்தவர்கள் உண்டு. வளர்ந்தபின் அவரும் நீளப் பாவாடைதான் கட்டினார். அப்போதும் அவரே ஜெயித்தார். முணுமுணுப்பு அதோடு அடங்கியிருக்க வேண்டும்.

1890-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காலத்தில், பெண்கள் டென்னிஸ் ஆடுவது பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். உடை பற்றி, உத்தி பற்றியெல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் பிடித்தது ஓடுவதைப் பற்றி அவர் சொன்னது. பெண்கள் ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும், அதுவும் முழு மூச்சாக ஓட வேண்டும். எட்டாது என்று தோன்றும் பந்துகளில் பல, ஓடினால் எட்டிவிடும். ஆனால் ரெண்டடி வைத்துவிட்டு ‘ஐயோ, என்னால் முடியாது’ என்று நின்றுவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் பள்ளியில் கோ-கோ அணியில் ஓடிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனோம். ஒருத்திக்குத் தாவணி வந்தது, ஒருத்தியை அப்பா வேண்டாம் என்றார், மிச்சம் இருந்தவர்களின் விளையாட்டு பீரியடைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. யாரும் அடித்துத் தடுக்கவில்லை. ‘போதும்மா, உட்காரு’ என்றார்கள், நாங்கள் உட்கார்ந்தோம். முடியாது என்று நின்றுவிடுவதை உடம்பின் குறையாக லாட்டி பார்க்கவில்லை. அதைப் பழக்கத்தின் குறை என்றார். ஓடு என்று பெண்களிடம் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. 1890-இல் அதை அச்சில் சொன்னவர் அவர்.

அவருடைய ஆட்டமும் அப்படித்தான். அக்காலத்துப் பெண்கள் பெரும்பாலும் பின்கோட்டிலேயே நின்று, பந்தை மெதுவாக உயர்த்தித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். லாட்டி வலைக்கு ஓடிவந்தார். பந்து தரையைத் தொடுமுன் வாலி அடித்தார், தலைக்குமேல் வந்தால் ஸ்மாஷ் செய்தார். சர்வீஸ் மட்டும் கையைக் கீழிருந்து வீசியே போட்டார், மேலிருந்து அடிப்பதால் பெண்களுக்குப் பெரிய லாபமில்லை என்பது அவர் கருத்து. இது ஒன்றில் காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. மற்றபடி அண்ணன்களோடு ஆடி வளர்ந்தவரின் ஆட்டம் அது. 1888-இல், அந்த வருஷத்து விம்பிள்டன் ஆண்கள் சாம்பியன் எர்னஸ்ட் ரென்ஷாவோடு எக்ஸ்மவுத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார். ஒவ்வொரு கேமையும் 30-0 என்று லாட்டிக்கு முன்னிலை கொடுத்துத் தொடங்குவது என்று ஏற்பாடு. முதல் செட்டை 6-2 என்று லாட்டி எடுத்தார். ரென்ஷா விழித்துக்கொண்டு அடுத்த இரண்டையும் 7-5, 7-5 என்று பிடித்துத்தான் தப்பித்தார்.

1888-இலும் விம்பிள்டன் அவருக்கே. அந்தச் சமயத்தில் பிளான்ஷ் திருமணமாகி திருமதி ஹில்யார்ட் ஆகியிருந்தார். 6-3, 6-3. அடுத்த வருஷம் பட்டத்தைத் தக்கவைக்க லாட்டி வரவேண்டும். வரவில்லை. அக்கா அண்ணன்களோடு ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் பாய்மரப் படகில் சுற்றிக்கொண்டிருந்தார், கரைக்குத் திரும்ப மனம் வரவில்லை. 1890-இல் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. 1891-இல் திரும்பி வந்தார், 6-2, 6-1. 1892-இல் 6-1, 6-1. 1893-இல் 6-8, 6-1, 6-4. விம்பிள்டனில் அவர் இழந்த ஒரே செட் இந்த 6-8 தான். ஐந்து இறுதி ஆட்டங்களிலும் எதிராளி ஒருவரே: பிளான்ஷ் ஹில்யார்ட். முழு ஒற்றையர் டென்னிஸ் வாழ்க்கையிலும் லாட்டி தோற்றது ஐந்தே ஐந்து ஆட்டங்கள் என்று பதிவாகியிருக்கிறது.

1893 ஜூலையில் அவருக்கு வயது 21. அதன்பின் அவர் விம்பிள்டனில் மட்டையைத் தொடவில்லை.

டென்னிஸ் பயிற்சியாளராக இருக்கும் என் தோழி ஒருத்தி இந்த இடத்தில் எப்போதும் கோபப்படுவாள். “இருந்திருந்தா பன்னெண்டு பதிமூணு பட்டம் அடிச்சிருக்கும்டி அந்தப் பொண்ணு. கைல வெச்சுக்கிட்டே வீணாக்கிட்டா.” அவள் சொல்வது கணக்கில் சரிதான். ஆனால் அன்றைய விம்பிள்டன் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டம் வைத்திருப்பவர் நேராக இறுதிக்கு வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும் என்பது விதி. மற்றவர்கள்தான் சுற்றுச் சுற்றாக ஆடி, அவரை எதிர்க்கும் உரிமையைப் பெற வேண்டும். அந்த மற்றவர்களும் கொஞ்சம் பேர்தான். 1890-இல் மகளிர் ஒற்றையருக்குப் பெயர் கொடுத்தவர்கள் மொத்தமே நாலு பேர். லாட்டியின் ஐந்து பட்டங்களுக்கும் சேர்த்து அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்களை எண்ணினால் பத்தைத் தொடாது. வருஷத்துக்கு ஒரு தரம் ரயிலேறி வந்து, அதே பிளான்ஷை ஒரு மணி நேரத்துக்குள் தோற்கடித்துவிட்டுத் திரும்புவதில் ஒரு 21 வயதுப் பெண்ணுக்குக் கற்றுக்கொள்ள என்ன மிச்சமிருந்தது? வீணாக்கினார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

அடுத்த சில வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். அவரே அவற்றை அவ்வளவு வேகமாகத்தான் கடந்தார். 1895-96 குளிர்காலத்தில் அண்ணன் டோனியோடு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்குப் போனார். பனிச்சறுக்கு நடனத்தில் பெண்களுக்கான தேர்வு ஒன்று இருந்தது, அதைத் தேறினார். ஆண்களுக்கான தேர்வு அதைவிடக் கடினம். அதையும் அடுத்த வருஷம் தேறினார், அதைத் தேறிய இரண்டாவது பெண் அவர். பனிச்சரிவில் தலைதெறிக்க இறங்கும் கிரெஸ்டா சறுக்குப் பாதையிலும் போய்வந்தார். எலிசபெத் மெயின் என்ற புகழ்பெற்ற மலையேறியோடு, பிப்ரவரிக் குளிரில், 4,000 மீட்டருக்குச் சற்றே குறைந்த பிட்ஸ் சூப்போ சிகரத்தில் ஏறினார். பிறகு அண்ணனோடு சைக்கிளில் இத்தாலிப் பயணம். ஊர் திரும்பியதும் ஹாக்கி. செஷைர் மாவட்ட அணிக்குத் தலைமை, 1899-இலும் 1900-இலும் இங்கிலாந்து அணியில் இடம். 1900-இல் அயர்லாந்தை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோலும் லாட்டியுடையவை. அதன்பின் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிகா நரம்புவலி வந்து ஹாக்கி நின்றது. அந்த வலி அவரை முழுசாக விட்டுப் போகவேயில்லை.

இனி கோல்ஃப்.

டென்னிஸில் பதினாலு வயதிலேயே மாட் வாட்சனை வீழ்த்தியவருக்கு கோல்ஃப் பிடிகொடுக்கவில்லை. பிரிட்டன் பெண்களுக்கான கோல்ஃப் சாம்பியன்ஷிப் 1893-இல்தான் தொடங்கியது. அடுத்த வருஷமே லாட்டி அதில் இறங்கினார், அதே சமயம் வீட்டுக்குப் பக்கத்தில் மோர்ட்டன் என்ற இடத்தில் பெண்களுக்கென்று ஒரு கோல்ஃப் கிளப் தொடங்கவும் உதவினார். சாம்பியன்ஷிப்பில் மூன்றாவது சுற்றில் வெளியே. மறுபடி மறுபடி போனார். 1898-இல் அரையிறுதி வரை வந்து தோல்வி. 1900-இல் மறுபடி அரையிறுதி, மறுபடி தோல்வி. பிறகு நரம்புவலி, அம்மாவின் மரணம் என்று சில வருஷங்கள் கையைவிட்டுப் போயின. நாடறிந்த சாம்பியன் ஒருவர், புதிதாய் ஒரு களத்தில் போய் ஊரறியத் தோற்றுக்கொண்டே இருப்பதை எண்ணிப் பாருங்கள். ‘உனக்கெதுக்கு இது? அஞ்சு விம்பிள்டன் இருக்கே’ என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்? டென்னிஸை விட்ட அதே பெண் கோல்ஃபை விடவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்ததை விட்டார், தோற்றுக்கொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டார். லாட்டி டாட் யார் என்பது எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

1904-இல் சாம்பியன்ஷிப் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ட்ரூன் மைதானத்தில் நடந்தது. கடலை ஒட்டிய மணற்பாங்கான தரை, மறைப்புக்கு மரமில்லாத வெட்டவெளி, கிளைட் வளைகுடாவிலிருந்து நிற்காமல் வீசும் காற்று. அப்படிப்பட்ட காற்றில் பாவாடை பறந்து பந்தை மறைக்காமலிருக்க, முழங்காலுக்குக் கீழே எலாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு ஆடிய பெண்கள் அக்காலத்தில் உண்டு. போட்டி முறையும் கடுமையானது. மொத்தம் எத்தனை அடி என்று எண்ணமாட்டார்கள். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அந்தக் குழி அவர்களுக்கு. கூடுதல் குழி எடுத்தவருக்கு ஆட்டம். தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டும்.

லாட்டிக்கு அப்போது வயது 32. அரையிறுதியில் டோரதி கேம்ப்பெல்லை வென்றார். இந்த டோரதி லேசுப்பட்டவரில்லை. ஐந்து வருஷம் கழித்து ஒரே ஆண்டில் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு சாம்பியன்ஷிப்பையும் வென்ற முதல் பெண் அவர்தான். இறுதியில் எதிரில் நின்றவர் அயர்லாந்தின் மே ஹெஸ்லெட். வயது 22, ஏற்கெனவே இரண்டு தடவை சாம்பியன், அதில் முதலாவதை 17 வயதில் வென்றவர். பதினைந்து வயதில் விம்பிள்டனை வென்ற லாட்டிக்கு எதிரே, இளம் வயதில் எல்லாம் கைகூடிவந்த இன்னொரு அதிசயப் பெண் நின்றார். இந்தத் தடவை வயதானவர், தடுமாறித் தடுமாறிக் கற்றவர், எல்லோரும் தோற்பார் என்று நினைத்தவர் லாட்டி. ஆட்டம் கடைசிக் குழிவரை போனது. ஒரே ஒரு குழி வித்தியாசத்தில் லாட்டி ஜெயித்தார்.

டென்னிஸ், கோல்ஃப் இரண்டிலும் பிரிட்டன் சாம்பியன்ஷிப் வென்ற பெண் இன்றுவரை அவர் ஒருவர்தான். எனக்கு அந்த இரட்டைப் பெருமையைவிட நடுவில் கிடக்கும் கணக்கு முக்கியம். விம்பிள்டன் வெல்ல அவருக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முதல் முயற்சியிலேயே கிடைத்தது. ட்ரூனுக்குப் பத்து வருஷம் ஆனது. அந்தப் பத்து வருஷத்துக்கு நான் அவரை வணங்குகிறேன். ஐந்து விம்பிள்டனுக்காக இல்லை.

அதே வருஷம் அமெரிக்கச் சாம்பியன்ஷிப் ஆட ஃபிலடெல்ஃபியாவரை கப்பலேறிப் போய், முதல் சுற்றிலேயே தோற்றார். மறுவருஷம் பிரிட்டனில் நாலாவது சுற்றோடு வெளியேறினார். அத்தோடு கோல்ஃபும் முடிந்தது.

1905-இல் குடும்பம் பெபிங்டனை விட்டு, தெற்கே நியூபரி பக்கம் குடிபோனது. அங்கே வில்வித்தை சங்கம் ஒன்றில் அண்ணன்களும் தங்கையும் சேர்ந்தார்கள். டாட் குடும்பத்தில் ஒரு பழங்கதை உண்டு. 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேய வில்லாளிகளை நடத்திச் சென்றவர் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்வார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தை இருந்தது, பெண்களுக்கும் இடம் தந்தார்கள். கலந்துகொண்ட 25 பேரும் பிரிட்டன் பெண்கள்தான். 60 கஜ தூரத்திலிருந்து 96 அம்பு, 50 கஜத்திலிருந்து 48 அம்பு, ஆக மொத்தம் 144. முதல் நாள் முடிவில் லாட்டி முன்னிலையில் இருந்தார். இரண்டாம் நாள் குவீனி நியூவெல் அவரைத் தாண்டிவிட்டார். நியூவெல் 688 புள்ளி, லாட்டி 642. வெள்ளிப் பதக்கம். தங்கம் வென்ற நியூவெல்லுக்கு வயது 53. பெண்களில் அதைவிட மூத்த வயதில் யாரும் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. ஆண்கள் வில்வித்தையில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? அண்ணன் வில்லி டாட், 40 வயதைத் தாண்டியவர். சொத்து வருமானத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த அண்ணனும் தங்கையும் ஒரே ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

முதல் உலகப்போர் வந்தது. வில்லி படையில் சேர்ந்தார். லாட்டி செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டராக, 1916 முதல் நியூபரிக்குப் பக்கத்தில் ஸ்பீன் என்ற ஊரின் ராணுவ மருத்துவமனையில் வேலை செய்தார். போர்முனைக்குப் போகவே ஆசைப்பட்டார், பழைய நரம்புவலி விடவில்லை. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்ததற்காகச் செஞ்சிலுவைச் சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. வாழ்க்கையில் அவர் செய்த வேலை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான், அதற்கும் சம்பளம் கிடையாது. போருக்குப் பின் லண்டனில் சேர்ந்திசைக் குழுவில் பாடினார், பியானோ வாசித்தார், கிழக்கு லண்டனின் வொயிட்சேப்பல் ஏழைப் பிள்ளைகளுக்கான மன்றங்களில் உதவினார். அவரும் வில்லியும் மணம் செய்துகொள்ளவில்லை. 1954-இல் வில்லி இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முதுமையிலும் விம்பிள்டன் பார்க்கப் போவதை லாட்டி விடவில்லை. 1960 ஜூன் 27 அன்று, விம்பிள்டன் நடந்துகொண்டிருந்த நாளில், ஹாம்ப்ஷைரில் ஒரு முதியோர் இல்லத்தில், ரேடியோவில் ஆட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபடியே இறந்தார். வயது 88.

சர்வதேச டென்னிஸ் புகழ் அரங்கம் (ஹால் ஆஃப் ஃபேம்) 1983-இல்தான் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஏன் இவ்வளவு தாமதம் என்று எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரே விளையாட்டில் கடைசிவரை கிடந்தவர்களை நினைவில் வைப்பது சுலபம். டென்னிஸ்காரர்கள் அவரைக் கோல்ஃபுக்கு விட்டுக்கொடுத்தார்கள், கோல்ஃப்காரர்கள் டென்னிஸுக்கு. நடுவில் அவர் யாருக்கும் சொந்தமில்லாமல் போனார். இங்கே பன்னிரண்டு வயதிலேயே பிள்ளையை ஒரே விளையாட்டில் பூட்டி, மற்றதையெல்லாம் நிறுத்திவிடும் பெற்றோர்களிடம் நான் இவர் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. “அவங்க பணக்காரங்க, எதை வேணா ஆடலாம்” என்று பதில் வருகிறது. அதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். பருத்திப் பணம் இல்லாமல் செயின்ட் மோரிட்ஸும் இல்லை, ஃபிலடெல்ஃபியாவும் இல்லை. ஆனால் அதே காலத்தில் அதே பணத்தோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் யாரும் முப்பத்திரண்டு வயதில், வலிக்கும் இடுப்போடு, ட்ரூனின் காற்றில் போய் நிற்கவில்லை.

லாட்டியைப் பற்றிப் பேசிவிட்டு பிளான்ஷ் ஹில்யார்டைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. ஒரே ஆளிடம் ஐந்து விம்பிள்டன் இறுதிகளில் தோற்றவர் அவர். பெண்களுக்கான முதல் விம்பிள்டனான 1884-இல் ஆடி, அரையிறுதியில் மாட் வாட்சனிடம் தோற்றவர். லாட்டி கிளம்பிப் போனபின்பும் இவர் போகவில்லை. 1894-இல் வென்றார், 1897-இல் வென்றார், 1899-இல் வென்றார். முன்பே 1886-இலும், லாட்டி படகில் சுற்றிய 1889-இலும் வென்றிருந்தார். 1900-இல், 36 வயதில், அந்த வருஷமே பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் டென்னிஸின் முதல் தங்கத்தை வாங்கவிருந்த சார்லட் கூப்பரை இறுதியில் முறியடித்து, ஆறாவது பட்டத்தை எடுத்தார். லாட்டியைவிட ஒன்று கூடுதல். 1912-இல் லாட்டி வில்லையும் அம்பையும்கூட வைத்துவிட்டிருந்தார். 48 வயது பிளான்ஷ் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடினார். அடுத்த வருஷமும் பெயர் கொடுத்தார்.